மாரி வருமுன் கோழிக்கூட்டைப் பாருங்கள்

மட்டக்களப்பில் வீட்டு வளவுக்குள் பத்தோ முப்பதோ கோழி வைத்திருப்பவர்கள் இதைப் புரட்டாதி முடிவதற்குள் வாசித்தால் பயன்படும். ஐப்பசியில் மழை இறங்கிய பிறகு பாதிதான் செய்ய முடியும். கார்த்திகையில் தண்ணீர் முற்றத்துக்கு வந்துவிட்டால் கோழியைத் தூக்கிக்கொண்டு ஓடுவதைத் தவிர வேறு வழியில்லை. 2024 மாரியில் எனக்கு நடந்தது அதுதான். செத்த கோழி, கொட்டிய தீன், மருந்துச் செலவு, விற்காமல் போன முட்டை எல்லாம் கூட்டிப் பார்த்தால் 85,000 ரூபாய்க்கு மேல் போயிருக்கிறது. காசு ஒரு பக்கம் இருக்கட்டும். அந்த இரண்டு மாதமும் யாரிடம் கேட்பது என்று தெரியாமல், ஒவ்வொரு விடியலும் கூட்டுக் கதவைத் திறக்கப் பயந்து நின்றதை நினைத்தால் இப்போதும் நெஞ்சு அடைக்கிறது. முன்னமே ஒருவர் சொல்லியிருந்தால் அதில் முக்கால்வாசி நடந்திருக்காது. அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் வீடு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில், வவுணதீவுப் பக்கம். வலையிறவுப் பாலம் தாண்டினால் பிறகு வயலும் வாய்க்காலும்தான். கணவர் கட்டாரில் வேலை. இரண்டு பிள்ளைகளும் பள்ளிக்கூடம் போகிறார்கள். அவர் அனுப்பும் காசு கடனுக்கும் சாப்பாட்டுக்கும் சரியாகப் போய்விடும் என்பதால், பிள்ளைகளின் படிப்புச் செலவை நினைத்துத்தான் கோழி தொடங்கினேன். ஊர்க்கோழி பதினான்கு முன்பே வளவில் திரிந்தன. அதோடு 2024 ஆனியில், முட்டைக்கென்றே வளர்க்கும் லேயர் இனத்தில், முட்டைக்கு வரும் பருவத்தில் இருந்த 28 கோழிகளை ஒன்று 1,800 ரூபாய்ப்படி வாங்கினேன். ஆவணி, புரட்டாதி முழுக்க நாளுக்கு இருபத்திரண்டு, இருபத்துநாலு முட்டை வந்தது. சந்திக் கடைக்காரர் வீட்டுக்கே வந்து எடுத்துப்போவார். சின்னவளின் ரியூசன் காசைக் கணவரிடம் கேட்காமல் நானே கட்டிய அந்த மாதம் எனக்கு எவ்வளவு சந்தோசம் என்று சொல்லி முடியாது.

ஐப்பசி நடுவில் மழை பிடித்தது. முட்டை இருபதானது, பதினைந்தானது, அப்புறம் ஏழு எட்டு. பக்கத்து வீட்டுப் பெரியம்மாவிடம் சொன்னேன். "மாரிக்குக் கோழி முட்டை போடாது புள்ள, தை பிறந்தா மறுகா போடும்" என்றார். ஊர் முழுக்க அப்படித்தான் சொல்கிறார்கள். ஊர்க்கோழிக்கு அது ஓரளவு உண்மையும்கூட. ஆனால் அப்போதுதான் முட்டைக்கு வந்த இளம் லேயர்கள் மூன்றில் இரண்டு பங்கு முட்டையை நிறுத்துகின்றன என்றால் காலத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டுச் சும்மா இருக்க முடியாது. கூட்டுக்குள் ஏதோ கெட்டிருக்கிறது. ஒரு முட்டை உருவாக ஏறத்தாழ 25 மணித்தியாலம் பிடிக்கும். அதில் 20 மணித்தியாலம் ஓடு கட்டவே போகிறது. உடம்புக்கு ஏதும் வந்தால் கோழி முதலில் கைவிடுவது முட்டையைத்தான். தூங்கி விழுவதும் கழிவதும் அதற்குச் சில நாள் கழித்துத்தான் கண்ணுக்குத் தெரியும். ஆகவே ஒரு பழைய கொப்பியில் தினமும் முட்டைக் கணக்கை எழுதி வையுங்கள். மூன்று நாள் தொடர்ந்து குறைந்தால் யாரிடமும் காலம் பற்றிக் கேட்காமல் கூட்டுக்குள் தலையை விட்டுப் பாருங்கள்.

என் கூட்டுக்குள் என்ன இருந்தது? ஊரில் எல்லோரும் செய்வதுபோலக் குளிருக்கு மறைப்பாக நாலு பக்கமும் தறப்பாள் கட்டியிருந்தேன். வாடைக்காற்று உள்ளே வராமல் இழுத்து இறுக்கிக் கட்டியது. கீழே உமி. மேலே தகரத்தில் ஓர் ஆணித் துளையால் தண்ணீர் சொட்டி, தண்ணீர்ப் பாத்திரத்தைக் கோழி தட்டிவிட்டு, நாலைந்து நாளில் உமி கட்டிபட்டுப் பிசுபிசுத்துவிட்டது. காலையில் தறப்பாளைத் தூக்கினால் கண் எரியும். அது எச்சத்திலிருந்து எழும்பும் அமோனியா. நமக்கு ஒரு நிமிசம் எரிகிறது. கோழிகள் இரவு முழுக்க அதற்குள்ளேயே, நம் முழங்கால் உயரத்தில் மூச்சு விட்டுக்கொண்டு இருந்திருக்கின்றன. கண்ணில் நீர் வடிந்தது, மூக்கில் சளி, இரண்டு மூன்று தும்மத் தொடங்கின. நான் இன்னும் குளிர் என்று நினைத்து இன்னொரு சாக்கையும் கட்டினேன்.

இதை அழுத்திச் சொல்ல வேண்டும். மட்டக்களப்பில் மார்கழி நடுச்சாமத்திலும் குளிர் 23 பாகை செல்சியஸ் அளவில்தான் நிற்கும். கோழியின் உடம்புச் சூடு 41 பாகைக்குக் கிட்ட. வளர்ந்து இறகு மூடிய கோழிக்கு இருபது பாகையை ஒட்டிய குளிர்தான் சுகமான காலநிலை. பங்குனி, சித்திரை வெயிலில் வாயைப் பிளந்து மூச்சு வாங்குகிறதே, அப்போது படும் வேதனை மாரிக் குளிரில் இல்லை. எங்கள் மாரியில் கோழியைக் கொல்வது ஈரம், அடைத்த காற்று, பூஞ்சணம் பூத்த தீன், போடாத தடுப்பூசி. இந்த நாலும்தான். என் கோழிகள் செத்ததைத் திரும்பத் திரும்ப எண்ணிப் பார்த்தாலும், நேரே குளிரால் செத்தது என்று ஒன்றைக்கூடக் காட்ட முடியாது.

தீனைப் பற்றிச் சொல்கிறேன். லேயர் மாஷ் மூட்டையைக் குசினிப் பக்கத்துச் சாய்ப்பில் சீமெந்துத் தரையில் வைத்திருந்தோம். மழைக்காலத்தில் தரை வியர்க்கும். மூட்டையின் அடிப்பக்கம் ஈரம் இழுத்து, தீன் உருண்டை உருண்டையாகி, பழைய சாக்கு மணம் வந்தது. வெயில் கண்ட நேரம் காயவைத்துக் கொடுத்தால் சரி என்று ஒருவர் சொன்னார். கொடுத்தேன். பிறகு கால்நடை வைத்தியர் விளக்கிய பிறகுதான் விசயம் புரிந்தது. சோளம், தேங்காய்ப் புண்ணாக்கு, தவிடு இவற்றில் ஈரம் பட்டால் ஒருவகைப் பூஞ்சணம் வளர்ந்து அப்ளாடொக்சின் என்ற நஞ்சை விடும். அது ஈரலைப் பிடிக்கும். வெயிலில் காயவைத்தால் பூஞ்சணம் வாடலாம், நஞ்சு போகாது. அவித்தாலும் போகாது. கோழி உடனே சாவதுமில்லை. தீன் எடுப்பது குறையும், முட்டை குறையும், எந்த நோய் வந்தாலும் தாங்காது. ஒன்றரை மூட்டையைக் கொட்டினேன், 6,000 ரூபாய் மண்ணுக்குள் போனது. இப்போது மூடி இறுகும் பிளாஸ்டிக் பரலில், பலகைமேல் தூக்கி வைக்கிறேன். மாரியில் மொத்தமாக வாங்குவதில்லை. ஒரு லேயர் கோழி நாளுக்கு 110 முதல் 120 கிராம் வரை தின்னும். 28 கோழிக்கு 25 கிலோ மூட்டை ஒன்று எட்டு நாள் போகும். அந்தக் கணக்கில் இரண்டு கிழமைக்கு மட்டும் வாங்கி வைத்தால் போதும். தீனைக் கூட்டுக்குள் இரவில் விட்டு வைக்கவே கூடாது. தீனுக்கு எலி வரும், எலிக்குப் பாம்பு வரும்.

கார்த்திகையில், நவம்பர் கடைசிக் கிழமை, வெள்ளம் வந்தது. 2024 வெள்ளம் மட்டக்களப்பு, அம்பாறை இரண்டையும் எப்படிப் புரட்டியது என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. உன்னிச்சைக் குளத்து வான்கதவு திறக்கிறார்களாம் என்று பின்னேரமே பேச்சு அடிபட்டது. 2011 தை வெள்ளத்தில் எங்கள் வீட்டுக்குள் இடுப்பளவு நின்றதென்று மாமி சொல்லிக்கொண்டே இருப்பார். ஆனாலும் இரவுக்குள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. நடுச்சாமம் மூத்தவன் எழுப்பினான், "அம்மா, கோழி கத்துது" என்று. முற்றத்தில் கணுக்காலளவு தண்ணீர். கூடு தரையோடு இருந்ததால் உமி எல்லாம் மிதந்துகொண்டிருந்தது. மின்சாரம் இல்லை. கைத்தொலைபேசி வெளிச்சத்தில் நானும் அவனும் கோழி பிடித்தோம். கையில் வேறு எதுவும் இல்லாததால் உரப்பைகளில் போட்டுக் கட்டி விறாந்தைக்குத் தூக்கினோம். விடிந்து அவிழ்த்தபோது மூன்று லேயர் மூச்சடைத்துச் செத்துக் கிடந்தன. மூத்தவன் அழுதுவிட்டான். அவன்தான் அந்தப் பையைக் கட்டினான். அது அவன் பிழை இல்லை என்று அவனுக்குப் புரிய வைக்க எனக்குப் பல நாள் சென்றது.

இந்த இடத்தில் இரண்டு விசயம். கோழிக்கு இருட்டில் கண் தெரியாது. லைற்றை முகத்தில் அடிக்காமல், இருட்டிலேயே இரண்டு கையாலும் செட்டையோடு சேர்த்துப் பிடித்தால் அது கத்தாது, பறக்காது. நாங்கள் வெளிச்சம் அடித்து அடித்து அவற்றைக் கலைத்துக்கொண்டிருந்தோம். அடுத்தது, பழக்கடைக்காரர்கள் பாவிக்கும் ஓட்டை வைத்த பிளாஸ்டிக் கூடைகள் நாலைந்து ஐப்பசியிலேயே எடுத்து வையுங்கள். ஒன்றில் ஆறேழு கோழி இருக்கும், காற்றும் போகும், ஒன்றன்மேல் ஒன்று அடுக்கலாம். உரப்பை வேண்டவே வேண்டாம்.

மறுநாள் தண்ணீர் இன்னும் ஏறியது. உழவு மெசின் பெட்டியில் பிள்ளைகளையும் கோழிகளையும் ஏற்றி மேட்டில் இருந்த ஒரு பொது மண்டபத்துக்குப் போனோம். அங்கே எங்களைப்போல இன்னும் பல குடும்பங்கள். பின்னால் இருந்த ஒரு கொட்டிலில் எல்லோருடைய கோழிகளும் ஒன்றாகக் கிடந்தன. யாரையும் குறை சொல்ல முடியாது, வேறு இடமில்லை. வெள்ள நேரம் மேட்டுக்கு நாம் மட்டும் போவதில்லை, பாம்பும் கீரியும் மரநாயும் அங்கேதான் வரும். ஓர் இரவு வெங்கணாந்திப் பாம்பு (மலைப்பாம்பு) ஒன்று புகுந்து என் லேயர் ஒன்றைச் சுற்றிவிட்டது. பெடியன்கள் சேர்ந்து அதைச் சாக்கில் பிடித்துத் தூரக் கொண்டுபோய் விட்டார்கள். ஆறுகோண ஓட்டை வைத்த கோழி வலை கோழியை உள்ளே வைக்கத்தான் உதவும். பாம்பு, கீரிக்கு அது ஒன்றுமில்லை. அரை அங்குலச் சதுரக் கண் வைத்த, ஒட்டு வைத்த கம்பி வலை விலை கூடத்தான். முழுக் கூட்டுக்கும் முடியாவிட்டாலும் கீழ் மூன்றடிக்கும் காற்றோட்டத்துக்கு விட்ட இடைவெளிக்குமாவது அதைத்தான் அடிக்க வேண்டும்.

தண்ணீர் வடிந்து வீட்டுக்கு வந்த பிறகு, கஷ்டம் முடிந்தது என்றுதான் நினைத்தேன். கூட்டைக் கழுவி, கிடைத்த ஈர உமியைக் கொஞ்சம் காயவைத்துப் போட்டேன். ஒரு கிழமை இருக்கும், எச்சத்தில் இரத்தம் கண்டேன். தலைக் கொண்டைப் பூ வெளிறி, செட்டையைத் தொங்கப் போட்டுக்கொண்டு மூலையில் நின்றன. ஒவ்வொரு நாளும் ஒன்று அல்லது இரண்டு போனது. இரத்தக் கழிச்சல் என்றார் கால்நடை வைத்தியர். அது ஈர உமியில் விளையும் நோய். எச்சத்தோடு விழும் கிருமி முட்டை, சூடும் ஈரமும் சேர்ந்தால் இரண்டு நாளில் தொற்றும் நிலைக்கு வந்துவிடும். கோழி கிளறித் தின்னும்போது மறுபடி வயிற்றுக்குள் போகும். சாதாரணமாகக் குஞ்சுகளுக்குத்தான் இது கூடுதலாக வரும். பெரிய கோழிக்கு ஏன் என்று கேட்டேன். "உங்கட லேயர் எல்லாம் கம்பித் தரையில வளர்ந்ததா இருக்கும். குஞ்சில ஒள்ளுப்பமாவது தொற்றி எதிர்ப்புச் சக்தி வந்திருந்தா இப்படி விழாது" என்றார். கோழி வாங்கும்போது எப்படி வளர்த்தது என்று கேட்க வேண்டும் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. தண்ணீரில் கலக்கும் அம்ப்ரோலியம் மருந்து தந்தார். அதைக் கொடுக்கும் நாட்களில் வேறு தண்ணீர் எங்கும் இருக்கக் கூடாது. மழைத் தண்ணீர் தேங்கிய சிரட்டை ஒன்று வளவில் கிடந்தாலும் கோழி அதைத்தான் குடிக்கும், மருந்துத் தண்ணீரைத் தொடாது. எந்த மருந்தானாலும் எத்தனை நாள் முட்டை விற்கக் கூடாது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஏழு லேயர் போன பிறகுதான் நின்றது. மருந்து பாதி வேலைதான் செய்தது. மீதி வேலையைக் காய்ந்த உமி செய்தது.

அது ஓய முன்பே ஊர்க்கோழிகளுக்கு வந்தது. பச்சையும் வெள்ளையுமாகக் கழிச்சல், கழுத்து முறுகி வானத்தைப் பார்த்தபடி சுழன்று விழுதல், வாய் திறந்து மூச்சு. ராணிகேட் என்ற வைரஸ் நோய். பதினான்கில் பன்னிரண்டு நாலைந்து நாளுக்குள் முடிந்தன. அவற்றில் ஒன்று என் மாமி தந்த கறுப்புப் பேடு. பிள்ளைகள் இரண்டு பேரும் சின்னதில் இருந்து அதன் பின்னால் ஓடி வளர்ந்தவர்கள். அதைப் புதைத்த அன்று எவரும் சாப்பிடவில்லை. அதே வளவில், அதே தண்ணீர் குடித்த லேயர்கள் ஒன்றுக்கும் ராணிகேட் வரவில்லை. பண்ணையிலேயே தடுப்பு மருந்து போட்டு வந்தவை அவை. ஊர்க்கோழிக்கு யார் ஊசி போடுகிறார்கள், அது தானாக வளரும் என்றுதான் எங்கள் ஊரில் எண்ணம். அந்தக் கொட்டிலில் எல்லாக் கோழியும் கலந்தபோது ஏதோ ஒன்று கொண்டு வந்திருக்கிறது. தடுப்பு இல்லாத கோழிக்கு ராணிகேட் வந்தால் மருந்தே கிடையாது. மஞ்சள், உள்ளி, நல்லெண்ணெய் எல்லாம் கொடுத்துப் பார்த்தேன். எதுவும் பிடிக்கவில்லை.

தடுப்பு மருந்து அரச கால்நடை வைத்திய அலுவலகத்தில் கேட்டால் ஒழுங்கு செய்து தருவார்கள். குஞ்சுக்கு முதல் கிழமையில் கண்ணில் ஒரு சொட்டு, மூன்று நாலு கிழமையில் மறுபடி, வளர்ந்த பிறகு ஊசி. உங்கள் கோழியின் வயதுக்கு எப்போது எது என்பதை அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். போட்ட உடனே காவல் வந்துவிடாது, இரண்டு கிழமையாவது வேண்டும். நோய் வளவுக்குள் வந்த பிறகு போட்டால் ஏற்கெனவே தொற்றியதைக் காப்பாற்றாது. அதனால்தான் ஆவணி, புரட்டாதி என்று சொல்கிறேன். குப்பியை ஐஸ் போட்டுத்தான் கொண்டுவர வேண்டும். கரைத்த பிறகு ஒன்றிரண்டு மணித்தியாலத்துக்குள் முடிக்க வேண்டும். சுகமில்லாத கோழிக்குப் போடக் கூடாது. குடிதண்ணீரில் கலந்து கொடுக்கும் வகை என்றால் குளோரின் போட்ட தண்ணீர் வேண்டாம், மருந்து செத்துவிடும். வெள்ளத்துக்குப் பிறகு கிணற்றுக்குக் குளோரின் போடுவது கட்டாயம்தான், மருந்து கலக்கும் நாளுக்கு மட்டும் வேறு நல்ல தண்ணீர் பார்த்து வையுங்கள்.

செத்த கோழியை வாவியிலோ வாய்க்காலிலோ எறியாதீர்கள். காகமும் நாயும் இழுத்து அடுத்த வளவுக்குக் கொண்டுபோகும், அங்கேயும் ஒரு வீட்டின் வருமானம் போகும். வெள்ளம் வடிந்த கையோடு குழி தோண்டினால் இரண்டடியில் தண்ணீர் ஊறும். வளவில் மேடான இடம், கிணற்றுக்குத் தூரமாகப் பார்த்து, சுண்ணாம்பு தூவிப் புதைத்தேன். இடமே இல்லாதவர்கள் பொச்சு மட்டை போட்டு எரித்துவிடலாம். வெள்ளத் தண்ணீரில் நின்று இதெல்லாம் செய்யும்போது காலில் வெட்டுக்காயம் இருந்தால் மூடிக்கொள்ளுங்கள், எலிக்காய்ச்சல் அப்படித்தான் வரும். காய்ச்சல் கண்டால் வெள்ளத்தில் நின்றதை மறக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

தை, மாசியில் மனம் விட்டுப்போனது. பதினேழு லேயரையும் விற்றுவிட்டுத் தையல் மெசின் வாங்குவோமா என்று கணவரிடம் கேட்டேன். "நீ பட்டதெல்லாம் படிப்புத்தானே, இன்னொரு மாரி பார்" என்றார் அவர். பாலைவனத்தில் நின்றுகொண்டு சொல்வது எளிது என்று கோபம் வந்தது. ஆனாலும் பழைய கூட்டைப் பிரித்தேன்.

புதுக் கூட்டை நாலடி உயரத் தூண்களில் ஏற்றினோம். ஊரில் எந்த வீட்டில் 2011 வெள்ளம் எவ்வளவு நின்றது என்று பழையவர்களுக்குத் தெரியும், உங்கள் வளவுக்கு அதைக் கேட்டுத் தூணின் உயரத்தைத் தீர்மானியுங்கள். அதற்கு மேல் ஓர் அடி வைத்தால் நிம்மதி. தரைக்குப் பலகை அடித்து மேலே மூன்று நாலு அங்குலம் உமி. உமியை ஆவணியில், கச்சான் காற்றில் நன்றாகக் காய்ந்திருக்கும்போது ஆலையில் வாங்கி, பைகளில் கட்டிப் பரணில் வைத்துவிட்டேன். மாரிக்குள் உமி தேடினால் நனைந்ததுதான் கிடைக்கும். இரண்டு நாளுக்கு ஒருக்கால் கிளறி, நனைந்த இடத்தை அள்ளி எறிந்து புதிதாகப் போடுவேன். கையில் ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பார்த்தால் தெரியும்: கை திறந்ததும் உதிர்ந்தால் நல்லது, உருண்டையாக நின்றால் மாற்ற வேண்டும். கூரைத் தாழ்வாரத்தைச் சுவரிலிருந்து மூன்றடி வெளியே இழுத்தோம், சாரல் உள்ளே வராது. தறப்பாள் இப்போதும் இருக்கிறது. வாடையும் கொண்டலும் அடிக்கும் வடக்கு, கிழக்குப் பக்கங்களுக்கு மட்டும், அதுவும் கோழியின் உயரம் வரைக்கும்தான். மேலே ஓர் அடி நாலு பக்கமும் திறந்தே இருக்கும். தண்ணீர்ப் பாத்திரத்தைக் கோழியின் முதுகு உயரத்துக்குத் தொங்கவிட்டோம். உமி நனைவது பாதியாகக் குறைந்தது அதிலேதான்.

முட்டைக்கு வருவோம். எங்கள் ஊரில் மார்கழியில் பகல் பதினொன்றே முக்கால் மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் குறைவு. லேயர் கோழி நன்றாக முட்டையிட 14 முதல் 16 மணித்தியாலம் வெளிச்சம் வேண்டும். மேகம் மூடிய நாளில் கூட்டுக்குள் பகலும் இருட்டுத்தான். ஒரு 9 வோட் எல்.இ.டி. குமிழை விடியற்காலை நாலு மணிக்குப் போட்டு விடிந்ததும் நிறுத்துகிறேன், பின்னேரம் ஒரு மணித்தியாலம் போல. பின்னேர வெளிச்சத்தைத் திடீரென நிறுத்தினால் கோழி தடியில் ஏறமுடியாமல் தடுமாறும், ஆகவே காலை வெளிச்சத்தைக் கூட்டுவதுதான் நல்லது. ஒரு நாள் போட்டு ஒரு நாள் விடுவதும் கூடாது. வயர் நனையாமல் குழாய்க்குள்ளால் இழுத்து, ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஓட்டுக்குச் சுண்ணாம்புச் சத்து வேண்டும். வாவிக் கரையில் கிடைக்கும் மட்டிச் சிப்பியைக் கழுவி, காயவைத்து, உடைத்துத் தனிப் பாத்திரத்தில் வைக்கிறேன். வேண்டிய கோழி வேண்டிய அளவு எடுக்கும். ஒன்றரை வயதுக் கோழி இறகு கொட்டினால் பயப்பட வேண்டாம். இரண்டு மூன்று மாதம் முட்டை நிற்கும், பிறகு வரும். இறகு முழுக்கப் புரதம் என்பதால் அந்த நேரம் குருணலை மட்டும் போட்டு ஒப்பேற்றாமல், கருவாட்டுத் தலை, மீன் கழிவு அவித்தது கொஞ்சம் சேர்த்துக் கொடுக்கலாம்.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது மறுபடி தண்ணீர் வளவுக்குள் வந்தது. கூட்டுத் தூணில் முழங்கால் அளவு ஏறி நின்று வடிந்தது. கோழிகள் மேலே இருந்தன. புதிதாக வாங்கிய இருபது இளம் லேயர்களில் பதினாறு முட்டை வந்துகொண்டிருந்தது பதினொன்றாகி, மார்கழி நடுவில் திரும்ப ஏறியது. பழையவை இறகு கொட்டி நின்றன. நோயில் ஒன்றும் சாகவில்லை. பகலில் வெளியே திரிந்த ஒரு கோழியை மட்டும் கீரி கொண்டுபோனது.

அடை வைப்பவர்களுக்கு ஒன்று. குஞ்சு பொரிக்க 21 நாள். பொரித்த முதல் கிழமையில் குஞ்சுக்கு 32 முதல் 35 பாகை சூடு வேண்டும். தாய்க்கோழியின் செட்டைக்குள் அது கிடைக்கும், ஆனால் நனைந்த தரையில் தாயோடு திரியும் குஞ்சு அன்றே விறைத்துவிடும். பெரியவற்றுக்கு நான் இல்லை என்று சொன்ன குளிர் குஞ்சுக்கு உண்டு. புரட்டாதிக் கடைசியிலிருந்து மார்கழி முடியும் வரை நான் அடை வைப்பதில்லை. தையில் வைத்தால் மாசியில் குஞ்சு, அப்போது வயல் வெட்டும் தொடங்கும், சிந்திய நெல்லும் பூச்சியும் தாராளமாக இருக்கும்.

தடுப்பு மருந்துக் குப்பி ஒன்றைத் திறந்தால் நூறோ அதற்கு மேலோ கோழிக்குப் போதும். பத்துக் கோழிக்காக ஒருவர் தனியே போய்க் கேட்டால் மீதி வீணாகும், கொடுப்பவர்களுக்கும் சங்கடம். அதனால் எங்கள் ஒழுங்கையில் இப்போது எல்லா வீடும் சேர்ந்து ஒரே நாளில் போடுகிறோம். பெரியம்மாவும் தன் ஊர்க்கோழிகளைக் கூடையில் கொண்டுவருவார். முதல் நாள் இரவே கோழிகளை அடைத்து வையுங்கள், காலையில் அவிழ்த்துவிட்டால் ஊர்க்கோழி கையில் அகப்படாது. வைத்திய அலுவலகத்தில் எந்த நாள் மருந்து வரும் என்று முன்கூட்டியே கேட்டு, ஐஸ் பெட்டி யார் கொண்டுபோவது, யார் வீட்டு முற்றத்தில் கூடுவது என்பதையும் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.